பிழை போக

எனக்குத் தந்தது முந்நூறு சொல்.
அதில் நாற்பது நடிகர் பெயர்களுக்கே போய்விடும்,
இருபது அனுசரணை தந்த கம்பனிக்கு.
மிச்சத்தில் எமில்டா சவரிமுத்துவை
எங்கே இருத்துவது?

மருதானையில் பழைய மண்டபம், பால்கனி ஒழுகியது.
ஸ்பிரிங் குத்தும் கதிரையில்
மூன்றாம் வரிசையில் இருந்தேன்.
துறைமுக வேலைநிறுத்தம் பற்றிய இசைநாடகம்.
கூட்டுப் பாடகர் பதினெட்டுப் பேர்,
ஒரு கீபோர்ட், ஒரு மிருதங்கம்,
சளி பிடித்த ஒரு கிளாரினெற்.

கிறேன்காரனின் மனைவியாக வந்தாள்.
பகலில் வத்தளையில் பல்வைத்தியர் ஒருவருக்கு உதவியாள்;
பிறர் வாயைத் திறந்து பழகிய கை
பாடத் தொடங்குமுன்
தன் தாடையை ஒருமுறை தொட்டுக்கொள்கிறது.

முதற்பாட்டில் நான் எதையும் குறிக்கவில்லை.
இரண்டாவதில் ‘தேன்குரல்’ என்றெழுதி வெட்டினேன்.
இருபது வருடத்தில் எத்தனை பேர் தலையில்
ஊற்றியிருக்கிறேன் அந்தத் தேனை!
இவள் குரலில் தேன் இல்லை.
கருவாட்டுச் சாக்கைச் சீமெந்தில் இழுக்கும் சத்தம்
அடியில் கிடக்கிறது.
அதன்மேல் வெறுங்காலோடு
ராகம் நடக்கிறது.

மூன்றாம் காட்சி. புருஷன் வீடு திரும்பவில்லை.
வாத்தியங்கள் நான்கு ஆவர்த்தனம் வாசித்துக் காத்திருக்க
அவள் பாடவில்லை.
அவனுடைய சட்டையை மடிக்கிறாள்.
பித்தானைப் பிழையான துளையில் போட்டு,
கழற்றி,
மறுபடியும் பிழையான துளையில்.
இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை விழுங்கினார்கள்.

பிறகு வந்தது
பாட்டாக வரவில்லை, கடைக் கணக்காக வந்தது:
அரிசி இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு,
வாடகைப் பாக்கி இவ்வளவு.
தொகைக்குத் தொகை அரைச் சுரம் ஏறி
கடைசித் தொகை உச்சியைத் தொடப் போய்
சற்றுக் கீழே நின்றது.
மயிரிழைதான்.
கேட்டேன். எழுதவில்லை.
எழும்பி நின்று கைதட்டுகிற சனத்துக்குள்
யார் மயிரிழை அளப்பது?

வெளியே மழை. பஸ் தரிப்பில் அவள்,
பாதி துடைத்த முகப்பூச்சு,
பிளாஸ்டிக் பைக்குள் அந்தச் சட்டை.
“நீங்கதானே பதினொரு வருஷத்துக்கு முன்னே
‘குரல் வந்துவிட்டது, உடம்பு இன்னும் மேடைக்கு வரவில்லை’
என்று எழுதினது?”
குடையைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்தேன்.
“மூன்று மாதம் கோபம். பேசவே இல்லை யாரோடும்.
பிறகு ஆமர் வீதியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று
தவணைக்கு வாங்கினேன்.”

அவளுக்கு அது கதை இல்லை; விலை விபரம்.

“இன்றைக்கு உச்சத்தில் சுருதி இறங்கினது.
கேட்டீங்கதானே?”
“கேட்டது.”
“அப்ப எழுதுங்க. அது இருந்தால்தான்
மற்றதை நான் நம்பலாம்.”

மட்டக்குளி பஸ் வந்தது.
கொட்டஹேன, கொட்டஹேன என்று கண்டக்டர் கத்த
சட்டைப் பையை நனையாமல் அணைத்தபடி ஏறினாள்.

அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன்.
“பக்கம் கட்டியாச்சு சேர்,” என்றான் முஸ்ஃபிர்.
“ஒரு வரி மட்டும்.”
“அப்ப எதைத் தூக்க?”
“கம்பனியைத் தூக்கு.”
சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

காலையில் வெள்ளவத்தைக் கடையொன்றில்
பிளேன்ரீ ஆற ஆற விரித்துப் பார்த்தேன்.
கம்பனி இருந்தது, முழுப்பெயரோடு.
பித்தான் இருந்தது, கருவாட்டுச் சாக்கு இருந்தது.
அடியில் என் பெயர் இருக்கவில்லை;
அதை எடுத்த இடத்தில்
என் வரியைச் செருகியிருந்தான் பையன்,
அவசரத்தில் ஓர் எழுத்து மாறி:
‘உச்சத்தில் மயிரிழை குருதி விலகியது.’

இன்றிரவும் காட்சி உண்டு.
இதையும் கேட்பாள்.